மாஸ்டர் என்பதற்குத் ‘தாய்ப்படி’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம். ஒலிப்பதிவுத் துறையின் சில ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களை முன்வைக்கிறேன். எழக்கூடிய கேள்விகளுக்கும் இடையிடையே பதில் சொல்கிறேன்.

> ஒலிப்பதிவில் மாஸ்டர் என்பதை ‘மூலப்பிரதி’ என்றே சொல்லிவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். உரையாசிரியர் கை வைப்பதற்கு முன் இருப்பது மூலம். மொழிபெயர்ப்பாளர் கை வைப்பதற்கு முன் இருப்பதும் மூலம். ஒலிக்கூடத்தில் அந்த இடம் தனித்தனித் தடங்களுக்கே உரியது: குரல் ஒரு தடம், வயலின் ஒரு தடம், தாளக்கருவிகளுக்குச் சில தடங்கள். அவற்றைச் சேர்த்தால் கலவை. அந்தக் கலவையில் அதிர்வெண் சமநிலையைத் திருத்தி, உரப்பைச் சீராக்கி, உச்சங்களைக் கட்டுப்படுத்தி, பாடலுக்கும் பாடலுக்கும் நடுவே எத்தனை வினாடி அமைதி என்பது வரை முடிவு செய்த பிறகு கிடைப்பதுதான் மாஸ்டர். வேலை முடிந்த இடத்தில் நிற்பதை மூலம் என்றால், தடங்களை என்னவென்று அழைப்பது?

ஆகவே ‘தாய்ப்படி’ என்கிறேன். கையெழுத்துப் படி, அச்சுப்படி என்று படியெடுப்பது நமக்குப் பழகிய வழக்கு. எந்தப் படியிலிருந்து மற்றப் படிகள் பிறக்கின்றனவோ அது தாய்ப்படி. மாஸ்டரிங் என்பது தாய்ப்படியாக்கம்.

> இசைத்தட்டுத் தயாரிப்பில் ‘மதர்’ என்று வேறொன்று இருக்கிறதே?

நல்ல கேள்வி. அரக்குத் தட்டில் வெட்டிய பள்ளங்களின் மேல் உலோகம் படியவைத்து எதிர்வார்ப்பு எடுப்பார்கள். அதிலிருந்து எடுக்கும் நேர்வார்ப்புக்குத்தான் ‘மதர்’ என்று பெயர். அச்சுத் தட்டுகள் அதிலிருந்து வரும். அதைத் ‘தாய்த்தட்டு’ என்போம். தட்டு வேறு, படி வேறு என்று சொல்லிலேயே தெரிகிறது. குழப்பம் வராது.

அடுத்து ‘ஹை-ரெசல்யூஷன்’. ‘உயர்தர’ என்று எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தரம் என்பது மதிப்பீடு. இங்கே வேண்டியது அளவு. குறுந்தகட்டின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஆப்பிள் மியூசிக் 2021இல் அறிமுகப்படுத்திய இழப்பில்லா ஒலி 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. இந்த வேறுபாட்டைக் குறிக்க ‘உயர் பிரிதிறன்’ போதும். பிரிதிறன் ஒளியியலில் வேரூன்றிய சொல். இங்கே அது ஒலியின் பிட் ஆழத்தையும் (ஒவ்வொரு மாதிரியையும் எத்தனை பிட்டில் எழுதுகிறோம்) மாதிரி வீதத்தையும் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறோம்) சேர்த்துச் சுட்டும் என்று வரையறையில் எழுதிவிட வேண்டும்.

வரையறையில் இன்னொன்றும் இருக்க வேண்டும். 16 பிட் கோப்பை 24 பிட்டாகச் சேமித்துப் பாருங்கள்: கீழேயுள்ள எட்டுப் பிட்டுகளும் வெறும் சுழியங்கள். 44.1இல் பதிந்ததை 96 ஆக்கி நிறமாலையில் பாருங்கள்: 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒரே இருட்டு. கோப்பு பெருத்திருக்கிறது, இசை பெருகவில்லை. ஆகவே ‘உயர் பிரிதிறன் தாய்ப்படி’க்கு நான் எழுதிய வரையறை இது: “பதிவு முதல் கலவை வரை குறுந்தகட்டின் அளவைவிடக் கூடிய பிரிதிறனில் வைத்திருந்து, நடுவில் எங்கும் குறைத்துக் கூட்டாமல் ஆக்கிய தாய்ப்படி.” இந்த நிபந்தனை இல்லாவிட்டால் அந்தப் பெயர் வெறும் விளம்பர முத்திரையாகிவிடும்.

‘லவுட்னஸ்’ என்பதற்கு ‘உரப்பு’ பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது, மாற்ற வேண்டாம்.

‘ட்ரூ பீக்’ என்பதற்கு ‘மெய்யுச்சம்’ பொருத்தம் என்று நினைக்கிறேன். மாதிரிப் புள்ளிகள் அனைத்தும் எண்மப் பதிவின் உச்ச எல்லையான சுழிய டெசிபெலுக்குக் கீழே இருக்கும். ஆனால் அவற்றை இணைத்து அலையை மீட்டெடுக்கும்போது, இரண்டு புள்ளிகளுக்கு இடையில் வளைவு சுழியத்தைத் தாண்டி எழக்கூடும். சாதாரண அளவி ‘மாதிரியுச்சத்தை’ மட்டுமே காட்டும். ஏஏசி போன்ற இழப்புச் சுருக்கத்துக்கு (ஒலியின் ஒரு பகுதியை விட்டுக் கோப்பைச் சிறிதாக்கும் முறைக்கு)ப் போகும்போது உச்சம் இன்னும் ஏறக்கூடும், ஒலி சிதையும். அதனால்தான் ஸ்பாட்டிஃபை -14 எல்யுஎஃப்எஸ் (உரப்பின் அலகு) உரப்புக்குச் சமன்செய்வதோடு, மெய்யுச்சம் -1 டெசிபெலுக்குக் கீழே இருக்கட்டும் என்றும் அறிவுறுத்துகிறது. மெய், மாதிரி என்ற இணை இந்த வேறுபாட்டை நேரே சொல்கிறது.

‘டிதர்’ என்பதற்கு ‘நடுக்கம்’ என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. கடிகாரத் துடிப்பு நேரம் முன்பின்னாகும் ‘ஜிட்டர்’ என்ற குறைக்கு அந்தச் சொல் வேண்டும். டிதர் குறையன்று, நாமே விரும்பிச் சேர்ப்பது. 24 பிட்டை 16 ஆக்கும்போது மெல்லிய ஒலிகள் முரடாகத் துண்டிக்கப்படாமலிருக்க, மிகச் சிறிய இரைச்சலைத் தூவுகிறோம். ‘தூவிரைச்சல்’ எப்படி? தூவு என்ற வினையே செயலின் நோக்கத்தையும் அளவையும் காட்டிவிடுகிறது. ஒலிப்பில் தடை இருக்கிறதா என்று பாடம் நடத்துவோர் சொல்ல வேண்டும்.

தாய்ப்படியாக்கம் நீளம் என்று சிலர் வருந்தக்கூடும். பேச்சில் மாஸ்டரிங் என்றே இருக்கட்டும். கையேடு எழுதுகிறவர் ஒரே பக்கத்தில் தடம், கலவை, தாய்ப்படி, கேட்பவருக்குப் போகும் விநியோகப் படி என்ற நான்கையும் வரிசையாக எழுத நேரும்போது நம் சொல் உதவ வேண்டும். ‘விநியோகப் படி’க்குப் பதில் ‘வழங்குபடி’ என்று சுருக்கலாமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முடிவில்லை. உங்கள் கருத்தை எழுதுங்கள்.