பஃபர்: தாங்கலா, சூழ்பரப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நோய்ப் பரவலைக் கணினி வரைபடத்தில் குறித்து ஆராயப் பயன்படும் புவியியல் தகவல் முறைமையில் (GIS) வரும் 'பஃபர்' (buffer) என்ற சொல்லுக்குத் தமிழில் 'தாங்கல் வலயம்' என்ற பரிந்துரை எனக்கு உடன்பாடில்லை. வேதியியலில் தாங்கல் கரைசல் சரி. சேர்க்கும் அமிலத்தையும் காரத்தையும் அது தாங்கிக்கொள்கிறது. வரைபடத்தில் வரும் பஃபர் எதையும் தாங்குவதுமில்லை, தடுப்பதுமில்லை. ஒன்றிலிருந்து இத்தனை தூரத்துக்குள் அடங்கும் பரப்பு, அவ்வளவுதான். மேலும், வட மாவட்டங்களில் தாங்கல் என்றால் ஏரி. நீர்ப்பறவைகள் வந்திறங்கும் வேடந்தாங்கலுக்குப் பறவைக் காய்ச்சல் வரைபடம் போடுகிறவர் எந்தத் தாங்கலைச் சொல்வார்?

'காப்பு வட்டம்' என்ற இன்னொரு பரிந்துரையும் பொருந்தாது; பஃபர் எப்போதும் வட்டமாக வருவதில்லை. கேரளத்தின் குட்டநாட்டில் 2014, 2021, 2024 ஆண்டுகளில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டது. அறுவடை முடிந்த வயல்களில் மேயும் வாத்துக் கூட்டங்கள். எங்கு திரும்பினாலும் வாய்க்கால். பண்ணையைப் புள்ளியாகக் குறித்தால் வட்டம் வரும். வாய்க்காலைக் கோடாகக் கொண்டு இருபுறமும் அளந்தால் நீண்ட பட்டை வரும். வயலைப் பரப்பாகக் கொண்டால் அதன் வடிவமே சற்றுப் பெருத்து வரும். மூன்றுக்கும் மென்பொருளில் ஒரே கட்டளை.

ஆகவே 'சூழ்பரப்பு' என்று முன்மொழிகிறேன். '3 கி.மீ. சூழ்பரப்பு வரைக' என்று கட்டளையிடலாம். ஒன்றைச் சுற்றி ஒன்றாக வருவதைப் 'பல்வளையச் சூழ்பரப்பு' எனலாம்.

'வலயம்' அரசாணைக்கே இருக்கட்டும். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். இந்தியாவின் பறவைக் காய்ச்சல் செயல்திட்டப்படி, நோய் கண்ட இடத்திலிருந்து 1 கி.மீ. வரை தொற்று வலயம். அதற்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளை அழிப்பார்கள். 1 கி.மீ. முதல் 10 கி.மீ. வரை கண்காணிப்பு வலயம். சூழ்பரப்பை யாரும் கணினியில் வரைந்து பார்க்கலாம், அழிக்கலாம், மறுபடி வரையலாம். வலயத்தை அறிவிப்பது அரசு. அறிவித்துவிட்டால் கோழி வளர்ப்பவரின் பிழைப்பே நின்றுபோகும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஆய்வுக்காக வரைந்த படத்தைப் பார்த்து ஊரே பதறும்.

தூரத்தை மட்டும் வைத்து வரைய முடியாத வடிவம் ஒன்றும் பாக்கியிருக்கிறது. 1981 மார்ச்சில் பிரான்சின் பிரிட்டனிப் பகுதியிலிருந்து கோமாரி நோய்க்கிருமி காற்றோடு கடல் தாண்டி ஜெர்சி தீவுக்கும் இங்கிலாந்தின் ஒயிட் தீவுக்கும் போனது. காற்றடிக்கும் திசையில் வால்போல நீளும் அந்தப் பரப்பைச் சூழ்பரப்பு என்று சொல்லக் கூடாது. 'காற்றுத்தடம்' எனலாமா? வானிலைத் துறையில் இருப்பவர்கள், அங்கே ஏற்கெனவே புழங்கும் சொல் இருந்தால் தெரிவியுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.