பிளட்த்ரோன் வேம்பயரா, விசரா சீரா? என் பலி டெக் ஏன் தோற்கிறது?

சதுப்பு24:

எல்லோருக்கும் வணக்கம். மேஜிக்: தி கேதரிங் கார்டு விளையாட்டை ஆட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. போட்டிகளுக்குப் போனதில்லை. நாலைந்து நண்பர்கள் வீட்டில் உட்கார்ந்து 60 கார்டு டெக் வைத்து ஆடுகிறோம். எனக்கு எப்போதும் கறுப்பு நிறக் கார்டுகள்தான், அதிலும் ரத்தக்காட்டேரிகள் என்றால் உயிர். சொந்தக் கிரீச்சரை (சண்டை போடும் உயிரினக் கார்டை) பலி கொடுத்துப் பலம் ஏற்றிக்கொள்ளும் காட்டேரியைச் சுற்றி ஒரு டெக் கட்டியிருக்கிறேன். ஆசையாகக் கட்டியது, ஆனால் தொடர்ந்து தோற்கிறது.

டெக் இதுதான்:

24 ஸ்வாம்ப் (மானா தரும் நிலம்; மற்ற கார்டுகளை இறக்க மானாதான் விலை)
4 பிளட்த்ரோன் வேம்பயர்
4 வேம்பயர் அரிஸ்டோக்ராட்
2 விசரா சீர்
2 பிளட் ஆர்ட்டிஸ்ட்
4 ரீஅசெம்பிளிங் ஸ்கெலிட்டன்
4 சைல்டு ஆஃப் நைட்
4 வேம்பயர் நைட்ஹாக்
4 கேட்கீப்பர் ஆஃப் மலாக்கிர்
4 டூம் பிளேடு
4 சைன் இன் பிளட்

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். எதிராளி சிவப்பு டெக், அவருக்கு லைஃப் 5. அவர் பக்கம் ஒரு கிரீச்சர்கூட இல்லை. என் பக்கம் பிளட்த்ரோன், சைல்டு ஆஃப் நைட், ஸ்கெலிட்டன். பிளட்த்ரோனை மட்டும் அட்டாக்குக்கு அனுப்பினேன். அது 1/1 (அடிக்கும் பலம் 1, தாங்கும் பலம் 1). இரண்டு பலி கொடுத்தால் 5/5, ஆட்டம் முடிந்தது என்று கணக்குப் போட்டேன். முதலில் சைல்டைப் பலி கொடுத்தேன். +2/+2 ஏறுவதற்குள் அவர் லைட்னிங் போல்ட் போட்டார். பதறிப்போய் ஸ்கெலிட்டனையும் பலி கொடுத்தேன். 3/3 ஆனது, போல்ட் 3 அடித்தது, காட்டேரி செத்தது. அவருக்கு ஒரு கார்டு செலவு, என் மேசையில் மூன்றும் காலி. ஸ்கெலிட்டனை எழுப்பக் கையில் மானாவும் இல்லை. அந்த ஆட்டத்தில் அதன்பிறகு நான் எழவே இல்லை.

என் சந்தேகங்கள் இரண்டு. பிளட்த்ரோன் உண்மையிலேயே மோசமான கார்டா, இல்லை நான் ஆடுவது தப்பா? அப்புறம், எல்லோரும் விசரா சீரைப் புகழ்கிறார்கள். ஒரு மானாவுக்கு 1/1, பலி கொடுத்தால் வெறும் ஸ்க்ரை 1. டெக்கின் மேல் கார்டைப் பார்த்து, வேண்டாமென்றால் அடியில் தள்ளலாம், அவ்வளவுதானே? ஒரு கிரீச்சரின் உயிருக்கு இது ஈடா?

பழைய_கல்லறை:

தம்பி, கேள்வியை நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். டெக் பட்டியலும் போட்டதால் நோய் எங்கே என்று தெரிகிறது.

இந்த மாதிரிக் கார்டை எடை போடும்போது முக்காற்புள்ளிக்கு இடப்பக்கத்தை முதலில் படியுங்கள். "ஒரு கிரீச்சரைப் பலி கொடு" என்று மட்டும் இருக்கிறது. மானா கேட்கவில்லை, கார்டைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கச் சொல்லவில்லை, உங்கள் டர்னாக இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும். அங்கேதான் கார்டின் மதிப்பில் முக்கால்வாசி இருக்கிறது. வலப்பக்கத்தில் ஸ்க்ரை 1 இருக்கிறதா, +2/+2 இருக்கிறதா என்பது அதற்கு அடுத்த விஷயம்.

அப்படிப் பார்த்தால் சீர், பிளட்த்ரோன், அரிஸ்டோக்ராட் மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சீர் 1 மானா, பிளட்த்ரோன் 2, அரிஸ்டோக்ராட் 3. இந்த வேலைக்கு மலிவானது எதுவோ அதுவே நல்லது. மிச்சமாகும் மானாவில் தீனியும் பலன் தரும் கார்டும் இறக்கலாம்.

இப்போது உங்கள் டெக்கை எண்ணுங்கள். பலி கேட்கும் கார்டு 10. மனசு வலிக்காமல் பலி கொடுக்கக்கூடிய தீனி, ஸ்கெலிட்டன் 4 மட்டும். யார் செத்தாலும் பலன் தரும் பிளட் ஆர்ட்டிஸ்ட் 2. பத்து வாய்க்கு நாலு கவளம். நைட்ஹாக்கைப் பலி கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? 2/3, பறக்கும், தொட்டால் சாவு, அடித்தால் உங்களுக்கு லைஃப். அது இருந்து சண்டை போட வேண்டிய ஆள்.

பிளட்த்ரோன் மோசமான கார்டு இல்லை. 2010-இல் ரைஸ் ஆஃப் தி எல்ட்ராசி செட்டில் காமனாக (எளிதில் கிடைக்கும் கார்டாக) வந்தது. அந்த செட்டில் எல்ட்ராசி ஸ்பான் என்ற 0/1 டோக்கனை (டெக்கில் இல்லாமல் வேறு கார்டால் உருவாகும் கிரீச்சரை) இறக்கும் கார்டுகள் ஏகப்பட்டது. ஒரு கார்டிலிருந்து இரண்டு மூன்று ஸ்பான் வரும், பிளட்த்ரோன் ஒவ்வொன்றாகத் தின்று பெரிதாகும். தீனி கொட்டிக் கிடக்கும் இடத்துக்காகச் செய்த கார்டு அது. உங்கள் டெக்கில் அது பட்டினி கிடக்கிறது.

ஸ்டாக்_காவலர்:

அந்த போல்ட் விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் ஒருமுறையாவது அங்கே அடிபட்டிருப்போம்.

பலி என்பது விலை. விலை கொடுத்தாயிற்று என்றால் சைல்டு போனது போனதுதான். ஆனால் +2/+2 இன்னும் வந்து சேரவில்லை, ஸ்டாக்கில், அதாவது நடக்க வேண்டியவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் இடத்தில், காத்திருக்கிறது. அந்த இடைவெளியில் போல்ட் அதன் மேல் வந்து உட்கார்ந்தது. அதற்கும் மேலே ஸ்கெலிட்டனைப் பலி கொடுத்தீர்கள். மேலே இருப்பது முதலில் நடக்கும். ஆக ஸ்கெலிட்டன் தந்த +2/+2 வந்து 3/3, பிறகு போல்ட் 3, சாவு. சைல்டு கொடுத்த +2/+2 வந்தபோது வாங்கிக்கொள்ளக் காட்டேரி இல்லை.

1/1 ஆக இருக்கும் பிளட்த்ரோன் ஒரு போல்ட்டைத் தாங்க வேண்டுமானால் போல்ட்டுக்கு மேல் இரண்டு பலி வேண்டும். உங்களிடம் மிஞ்சியிருந்தது ஒன்றுதான். போல்ட்டைப் பார்த்தவுடன் காட்டேரியை விட்டுக் கொடுத்திருந்தால் ஸ்கெலிட்டனாவது மிஞ்சியிருக்கும்.

அதைவிட நல்ல வழியும் இருந்தது. எதிரே பிளாக் செய்ய ஆளே இல்லையே, மூன்றையும் அனுப்பியிருக்கலாம். 1 + 2 + 1, மொத்தம் 4. அவர் லைஃப் 1-க்கு இறங்கும், சைல்டு உங்களுக்கு 2 லைஃப் தரும். யாரையும் பலி கொடுக்கத் தேவையில்லை. நடுவில் போல்ட் போட்டாலும் ஒரு கார்டுக்கு ஒரு கார்டு என்ற கணக்கில் முடியும். சிவப்பு டெக் ஒரு மானாவைத் திறந்து வைத்திருக்கும்போது எல்லா முட்டையையும் ஒரே காட்டேரியின் தலையில் ஏற்றக் கூடாது.

இரண்டாம்_மெயின்:

பிளட்த்ரோனுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை. அது அட்டாக் செய்யும்போது எதிராளிக்கு எப்போதும் கணக்கு குழம்பும். பிளாக் செய்தாலும் பயம், விட்டாலும் பயம். நீங்கள் ஒன்றையும் பலி கொடுக்காமலே அந்தப் பயத்தில் பாதி வேலை நடக்கும். குறைந்தது இரண்டு பிளட்த்ரோனாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சைல்டு ஆஃப் நைட்டை யாராவது பிளாக் செய்தால், அடி கணக்கு ஸ்டாக்கில் ஏறியவுடன் சைல்டைப் பலி கொடுங்கள். சைல்டின் அடியும் விழும், பிளட்த்ரோனுக்கு +2/+2-ம் கிடைக்கும்.

ஸ்டாக்_காவலர்:

முதல் பத்தி சரி. இரண்டாவது இப்போது செல்லாது. காம்பட் அடி ஸ்டாக்கில் ஏறுவதை 2009 ஜூலையில், மேஜிக் 2010 செட்டோடு வந்த விதி மாற்றத்தில் எடுத்துவிட்டார்கள். இப்போது அடி ஒரே நொடியில் விழுந்துவிடும், நடுவே புக இடமில்லை. சைல்டு அடிக்க வேண்டுமா, இல்லை தீனியாக வேண்டுமா என்று முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும்.

இன்னும் செல்லுபடியாகும் பழைய வித்தை ஒன்று இருக்கிறது. எதிராளியின் பெரிய கிரீச்சரை ஸ்கெலிட்டனால் பிளாக் செய்யுங்கள். பிளாக் உறுதியானதும் ஸ்கெலிட்டனைப் பலி கொடுங்கள். டிராம்பிள் (மிச்ச அடியை ஆட்டக்காரர் மேல் தள்ளும் திறன்) இல்லாத கிரீச்சராக இருந்தால் அது பிளாக் ஆனதாகவே நிற்கும், உங்கள் மேல் அடி விழாது. பலியின் பலனும் உங்களுக்கு.

இரண்டாம்_மெயின்:

நன்றி. நான் 2007 வாக்கில் நிறுத்திவிட்டுச் சமீபத்தில்தான் திரும்ப வந்தேன். இதைத் தெரிந்துகொண்டது நல்லதாயிற்று.

சதுப்பு24:

எல்லோருக்கும் நன்றி. ஸ்டாக் விளக்கத்தைக் கார்டுகளை மேசையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துப் பார்த்தேன், அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

ஆனாலும் அண்ணா, சீர் விஷயத்தில் இன்னும் மனசு ஒப்பவில்லை. மலிவு என்பது சரி. ஸ்க்ரை 1 எப்படி ஆட்டத்தை ஜெயிக்க வைக்கும்? இந்த வகை டெக்கை அரிஸ்டோக்ராட்ஸ் என்கிறார்களே, அது என் வேம்பயர் அரிஸ்டோக்ராட்டை வைத்து வந்த பெயர்தானா? அப்படியானால் அதை எடுக்கலாமா?

பழைய_கல்லறை:

தாராளமாக எடுக்கலாம். அந்தப் பெயர் வேறு இரண்டு கார்டுகளால் வந்தது: ஃபால்கன்ராத் அரிஸ்டோக்ராட், கார்ட்டெல் அரிஸ்டோக்ராட். 2013 பிப்ரவரியில் மான்ட்ரியலில் நடந்த புரோ டூர் கேட்க்ராஷில் டாம் மார்ட்டெல் ஜெயித்த டெக்கில் இரண்டும் இருந்தன. டெக்குக்கே தி அரிஸ்டோக்ராட்ஸ் என்று பெயர், பிறகு பலி கொடுத்து ஆடும் டெக் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஃபால்கன்ராத்தும் காட்டேரிதான், ஆனால் 4 மானாவுக்கு 4/1, பறக்கும், வந்த டர்னிலேயே அட்டாக் செய்யும். பலி கொடுத்தால் அந்த டர்ன் முழுக்க அழியாது. உங்கள் 2/2-வோடு ஒப்பிடவே முடியாது.

சீர் ஜெயிக்க வைப்பதில்லை. எதிராளி உங்களிடமிருந்து எதையும் உருப்படியாகப் பறிக்க முடியாமல் செய்கிறது. கிரீச்சரை ஆட்டத்தை விட்டே நீக்கும் பாத் டு எக்ஸைல் போடுகிறாரா? குறிவைத்த கிரீச்சரைப் பலி கொடுங்கள். அது எக்ஸைலுக்குப் போகாமல் கல்லறைக்குப் போகும், அவர் கார்டு வீண். உங்கள் கிரீச்சரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்க்கிறாரா? அதே பதில். சீரையே குறிவைத்தாலும் சீர் தன்னைத்தானே பலி கொடுத்துக்கொள்ளும், ஏனென்றால் கார்டில் "வேறொரு கிரீச்சர்" என்று இல்லை, "ஒரு கிரீச்சர்" என்றுதான் இருக்கிறது. எப்படியும் சாகப்போகிற உயிருக்கு ஒரு ஸ்க்ரை கிடைக்கிறது. மேல் கார்டு ஏழாவது ஸ்வாம்ப் என்றால் அதை அடியில் தள்ளிவிட்டு டூம் பிளேடைத் தேடலாம். நீண்ட ஆட்டத்தில் இதன் அருமை தெரியும்.

மாடர்ன் என்ற ஆட்ட வகையில் மெலிரா, கிச்சன் ஃபிங்க்ஸ், விசரா சீர் மூன்றும் சேர்ந்து கணக்கில்லாத லைஃப் எடுத்த காலம் ஒன்று உண்டு. ஃபிங்க்ஸ் சாகும், திரும்ப வரும், 2 லைஃப் தரும், மறுபடி சாகும். கூடவே ஒவ்வொரு சாவுக்கும் ஒரு ஸ்க்ரை. அடுத்து எந்தக் கார்டு வேண்டுமோ அது மேலே வரும்வரை புரட்டிக்கொண்டே இருக்கலாம். 2015 ஜனவரியில் அந்த டெக்கின் முக்கியக் கார்டான பர்திங் பாடைத் தடை செய்யும்வரை அதைக் கண்டு பயந்தவர்கள் அதிகம்.

இரண்டாம்_மெயின்:

தீனிக்கு என் பங்கு: பான் ஆஃப் உலமோக். பிளட்த்ரோன் வந்த அதே செட், 3 மானா, 2/2, அதுவும் காட்டேரி. இதுவோ உங்களுடைய டோக்கன் அல்லாத வேறு கிரீச்சரோ செத்தால் ஒரு ஸ்பான் டோக்கன் வரும். ஸ்பானைப் பலி கொடுத்தால் நிறமற்ற 1 மானா.

மேசையில் சீர், பிளட் ஆர்ட்டிஸ்ட், பான், ஸ்கெலிட்டன் நான்கும் இருக்கட்டும். ஸ்கெலிட்டனை சீருக்குக் கொடுங்கள். ஆர்ட்டிஸ்ட் எதிராளியிடம் 1 லைஃப் உறிஞ்சி உங்களுக்குத் தரும், பான் ஒரு ஸ்பான் தரும். ஸ்பானைப் பலி கொடுத்து 1 மானா எடுங்கள், அதற்கும் ஆர்ட்டிஸ்ட் 1 உறிஞ்சும். ஸ்கெலிட்டனை எழுப்ப 2 மானா, அதில் ஒன்று கறுப்பு. ஸ்பான் ஒன்றைக் கொடுத்துவிட்டது, ஒரு ஸ்வாம்ப் போதும். ஸ்கெலிட்டன் பக்கவாட்டில் திருப்பி வைத்த நிலையில்தான் எழும். பலிக்கு அது தடையே இல்லை.

ஆக ஒரு ஸ்வாம்புக்கு 2 லைஃப். 6 ஸ்வாம்ப் இருந்தால் ஆறு சுற்று, கடைசியாக எழுந்த ஸ்கெலிட்டனையும் அதன் ஸ்பானையும் சேர்த்தால் 14 லைஃப். ஒரு கிரீச்சரும் அட்டாக் செய்யவில்லை. நடுவில் ஏழு முறை ஸ்க்ரை வேறு. இதை முதல்முறை கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பழைய_கல்லறை:

இதைத்தான் நானும் சொல்லவந்தேன். அரிஸ்டோக்ராட் 4, சைல்டு 4, பிளட்த்ரோன் 2, ஸ்வாம்ப் 1, மொத்தம் 11 எடுத்துவிடுங்கள். சீர் 2, ஆர்ட்டிஸ்ட் 2, பான் 3, டூம்டு டிசென்டர் 4 சேருங்கள். டிசென்டர் 2 மானாவுக்கு 1/1, செத்தால் 2/2 ஜாம்பி தரும், அசல் தீனி. கேட்கீப்பர் இருக்கட்டும். 3 மானா கொடுத்து இறக்கி எதிராளியைப் பலி கொடுக்க வைத்ததும் அதன் வேலை முடிந்தது, பிறகு அதுவும் தீனிதான்.

சதுப்பு24:

நேற்று ராத்திரி புது டெக்கோடு அதே சிவப்பு டெக்கை எதிர்த்து மூன்று ஆட்டம் ஆடினேன். முதலாவது தோல்வி, இரண்டு ஸ்வாம்போடு மாட்டிக்கொண்டேன். மற்ற இரண்டும் வெற்றி. மூன்றாவதில் அவர் என் சீரைக் குறிவைத்துப் போல்ட் போட்டார். உடனே டிசென்டரை, அப்புறம் ஸ்கெலிட்டனை, கடைசியில் சீரையே பலி கொடுத்தேன். ஆர்ட்டிஸ்ட் 3 உறிஞ்சியது. அவரிடம் இருந்ததும் 3 லைஃப். போல்ட்டைக் கையிலிருந்து இன்னும் முழுதாகக் கீழேகூட வைக்கவில்லை, அப்படியே என்னைப் பார்த்தார்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். பானையே பலி கொடுத்தால் அதற்கும் ஸ்பான் வருமா? அந்த ஸ்பான் செத்தால் இன்னொரு ஸ்பான் வருமா?

ஸ்டாக்_காவலர்:

முதலாவது, வரும். "இதுவோ" என்று கார்டே சொல்கிறது. இரண்டாவது, வராது. ஸ்பான் டோக்கன், பான் டோக்கன் அல்லாத சாவுக்கு மட்டுமே தரும். ஆனால் ஆர்ட்டிஸ்ட் டோக்கனா இல்லையா என்று பார்ப்பதில்லை, இரண்டு சாவுக்கும் 1, 1 என்று உறிஞ்சும்.