புதிதாக வந்த நர்ஸ் வாயைத் திறந்து எதையும் கேட்பதில்லை, என்ன செய்வது?

நைட்டூட்டி:
மெடிக்கல் வார்டில் ஆறு வருஷமாக இருக்கிறேன். போன மாதம், படிப்பு முடித்து நேராக வேலைக்கு வந்த ஒரு பெண்ணை என்னிடம் விட்டு, "நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் இன்சார்ஜ் சிஸ்டர். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, என் நோயாளிகளில் ஒருவரைக்கூடக் குறைக்கவும் இல்லை.

நல்ல பெண்தான். ஆனால் எதைச் சொன்னாலும் "சரிக்கா". புரிந்ததா என்றால் "புரிஞ்சுதுக்கா". இரண்டு நாள் முன்பு ஒரு நோயாளிக்கு மூச்சு நிமிடத்துக்கு 26. அதைச் சார்ட்டில் முத்து முத்தாக எழுதி வைத்திருக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை, முக்கால் மணி நேரம் கழித்து நான் தற்செயலாகப் பார்த்தேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன், அதிலிருந்து இன்னும் மோசம், என் முகத்தையே பார்ப்பதில்லை. இந்த வேலை இவளுக்குச் சரிப்படாது என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதினோரு மாத ஸ்டாஃப்:
அக்கா, போன வருஷம் நான்தான் அந்தப் பெண்!

26 அதிகம் என்று அவளுக்கு நிச்சயம் தெரியும், பரீட்சையில் கேட்டால் எழுதியிருப்பாள். தெரியாதது வேறு. இந்த நோயாளிக்கு எப்போதுமே இப்படித்தானா, டாக்டரைக் கூப்பிட்டால் திட்டுவாரா, அக்கா பிஸியாக இருக்கிறாரே, இதையெல்லாம் யோசித்துக்கொண்டே எட்டு மணி மருந்துக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடுவோம். எனக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா ஷிப்ட் ஆரம்பத்திலேயே, "மூணு கேள்வி கேக்காம நீ இன்னிக்கு வீட்டுக்குப் போக முடியாது" என்பார். முதல் வாரம் டிராலி எங்கே இருக்கிறது என்ற மாதிரி அசட்டுக் கேள்விகளைக் கேட்டுத்தான் கணக்கை முடித்தேன். அப்புறம் தானாக வர ஆரம்பித்தது.

பழைய பெருசு:
எங்களுக்கெல்லாம் யார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்கள்? திட்டு வாங்கித்தான் கற்றோம். இப்போது வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை பொறுக்காது.

பயிற்சி சிஸ்டர்:
திட்டு வாங்கிக் கற்றவர்களில் தங்கினவர்கள் மட்டும்தான் இப்போது இங்கே எழுதுகிறோம், வேலையை விட்டுப் போனவர்கள் எழுத வரமாட்டார்கள். படித்ததற்கும் வார்டுக்கும் நடுவே வரும் இந்த அடிக்கு 1974லேயே மார்லின் கிராமர் என்ற நர்சிங் ஆய்வாளர் 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயர் வைத்துவிட்டார், இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்ததில்லை.

நைட்டூட்டி, உங்களுக்கு. ஒரு நர்ஸ் புதியவரிலிருந்து நிபுணராக வளர்வதற்கு பெட்ரீஷியா பென்னர் என்ற நர்சிங் அறிஞர் சொன்ன ஐந்து படிகளில், ஒரே மாதிரி வேலையில் இரண்டு மூன்று வருஷம் இருந்த பிறகுதான் மூன்றாவது படியே வரும். ஆறு வருஷக்காரரான நீங்கள் கதவருகே நின்றே "இவர் சரியில்லை" என்று சொல்லிவிடுவீர்கள். அவளுக்குக் கண்ணில் படுவது தனித்தனி எண்கள்தான். அதனால் ஆரம்பத்தில் அவளுக்கு விதி வேண்டும். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012ல் கொண்டுவந்து 2017ல் திருத்திய நியூஸ் (NEWS) ஸ்கோரில் மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு நோயாளி மோசமாகிறாரா என்று பார்ப்பார்கள். அதில் மூச்சு 25 அல்லது அதற்கு மேல் போனாலே அந்த ஒன்றுக்கு மட்டும் 3 மதிப்பெண். ஏதாவது ஒன்றில் 3 வந்தால் உடனே சொல்லியாக வேண்டும், மொத்தம் 5 வந்தாலும் அப்படித்தான், 7 என்றால் அவசரம். உங்கள் வார்டில் எந்த ஸ்கோர் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். "எனக்கு என்னமோ தோணுது" என்று டாக்டரிடம் சொல்லப் பயப்படுகிறவள், "ஸ்கோர் இவ்வளவு வந்திருக்கு" என்று தயங்காமல் சொல்வாள். போனில் எப்படிச் சொல்வது என்பதை எஸ்பார் (SBAR) முறையில், நீங்களே டாக்டராக நடித்து இரண்டு தடவை சொல்லிப் பார்க்க வையுங்கள். அதன் வரிசை இதுதான்: இப்போது என்ன பிரச்சினை, நோயாளி எதற்காக வந்தவர், நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். கடைசி இரண்டில்தான் எல்லாரும் திக்குவார்கள்.

அப்புறம், "புரிந்ததா" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், அதற்கு யாரும் "இல்லை" என்று பதில் சொன்னதில்லை. ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் முடிந்ததும் "இத்தனை பேர்ல யாரை முதல்ல பாப்ப, ஏன்?" என்று கேளுங்கள்.

பதினோரு மாத ஸ்டாஃப்:
இன்சுலின் போடும் முன் இரண்டு பேர் அளவைச் சரிபார்க்கும் டபுள் செக் பற்றியும் சொல்ல வேண்டும். சிரிஞ்சை நீட்டி "10 யூனிட், சரிதானே?" என்றால் தலையாட்டுகிற பெண் தலையைத்தான் ஆட்டுவாள், அது செக்கே இல்லை. அளவைச் சொல்லாமல் ஆர்டரையும் சிரிஞ்சையும் அவளிடம் கொடுத்து, எவ்வளவு இருக்கிறது என்று அவளையே சொல்ல வையுங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரினுக்கும் இப்படித்தான்.

நைட்டூட்டி:
எல்லாருக்கும் நன்றி, பெருசுக்கும்தான். இன்சார்ஜிடம் பேசினேன். நோயாளிகளைக் குறைக்க முடியாதாம், ஆனால் ஒரு மாதத்துக்கு எங்கள் இருவருக்கும் ஒரே ஷிப்ட் போடச் சம்மதித்திருக்கிறார். கத்தியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த 26ஐ ஏன் சொல்லவில்லை என்று இந்தத் தடவை மெதுவாகக் கேட்டேன்.

"சொல்லத்தான்க்கா வந்தேன். நீங்க அப்பதான் சாப்பிட உக்காந்தீங்க."