திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தில் தண்ணீர் முறை

கேள்வி:
பார்த்தசாரதி கோயிலை அடுத்த தெருவில், முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனங்கள் உள்ள பழைய வீட்டில் வசிக்கிறோம். அனைவருக்கும் ஒரே அடிபம்பும் இரண்டு கழிப்பறைகளும்தான். விடியற்காலையில் பிளாஸ்டிக் குடங்கள் நடைவரை வரிசைகட்டி நிற்பதால், பள்ளிப் பிள்ளைகள் பல் தேய்க்கக்கூட இடமின்றித் தவிக்கிறார்கள். மனக்கசப்பு வராமல் முறை வகுப்பது எப்படி?

பதில் 1:
யார் முதலில் வெளியே கிளம்புகிறார்கள் என்பதைக் கொண்டு முறை வகுங்கள். எங்கள் வீட்டில் காலையில் குடிநீர் மட்டுமே பிடிப்பது, துணி துவைப்பதைப் பத்து மணிக்குமேல் வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். பால் வரும் நேரத்திலேயே எழுந்துவிடும் பெரியவர்கள் தங்கள் குடங்களை நிரப்பிவிட, அலுவலகம் செல்வோருக்கும் பிள்ளைகளுக்கும் குளியலறை தாராளமாகக் கிடைத்தது. முற்றம் கழுவும் முறையையும் அப்போதே எழுதி ஒட்டிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பதில் 2:
அடிபம்பு பழுதானால் யார் செலவு என்பதையும் உரிமையாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எழுத்துவழி ஒப்பந்தத்தை வலியுறுத்துவதுடன், தண்ணீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்; துவைக்கும் நேரத்தை மாற்றுவது பற்றி முதலில் பேசுகிறேன்.