தூக்கத்தில் மட்டும் வரும் குடும்ப வலிப்பு: அம்மாவுக்கும் அதே மரபணுத் திரிபு, ஆனால் வலிப்பு வந்ததே இல்லை. எப்படி?

கரிசல்காற்று:
பையனுக்கு வயது 12. தூங்கிக் கொஞ்ச நேரத்தில் திடுக்கென்று எழுந்து உட்காருவான், கால்களை உதைப்பான், கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். 30, 40 விநாடியில் நின்றுவிடும். ஒரே இரவில் ஆறேழு தடவைகூட வரும். பகலில் ஒன்றுமில்லை. தாய்மாமாவுக்கும் அம்மாவழித் தாத்தாவுக்கும் இதே மாதிரி இருந்திருக்கிறது.

பகலில் எடுத்த இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) நார்மல். 1.5 டெஸ்லா (காந்தத்தின் வலிமை) எம்.ஆர்.ஐ. நார்மல். பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பேனல் டெஸ்டில் டி.இ.பி.டி.சி-5 மரபணுவில் புரதம் பாதியில் நின்றுபோகும் திரிபு, "நோய் உண்டாக்குவது" என்று வந்திருக்கிறது. அதே திரிபு அம்மாவுக்கும் இருக்கிறது, ஆனால் அவருக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. அப்படியென்றால் ரிப்போர்ட் தப்பா? இந்த நோய்க்கு நிகோடின் ஏற்பி (நரம்புச் செல்லில் சைகை வாங்கும் புரதம்) மரபணுதான் காரணம் என்றும் படித்தேன். எட்டு வயதுத் தங்கைக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

நியூரான்:
ரிப்போர்ட் தப்பில்லை. இந்த மரபணுவில் திரிபு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குத்தான் வலிப்பு வெளிப்படும். மற்றவர்கள் சுமப்பவர்கள் மட்டுமே. தலைமுறை தாண்டி வருகிற மாதிரி தெரிவது இதனால்தான். தாத்தாவிடமிருந்து அம்மா வழியாகப் பையனுக்கு வந்திருக்கிறது, நடுவில் அம்மா அமைதியாக இருந்துவிட்டார்.

டி.இ.பி.டி.சி-5, என்.பி.ஆர்.எல்-2, என்.பி.ஆர்.எல்-3 ஆகிய மூன்று புரதங்களும் சேர்ந்து கேட்டர்-1 என்ற தொகுப்பாகின்றன. செல்லில் அமினோ அமிலம் குறைவாக இருக்கும்போது, செல் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் என்ற பாதையை அடக்கிவைப்பது இதன் வேலை. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டால் பிடி தளர்கிறது. கரு வளரும் காலத்தில் மூளையின் ஒரு மூலையில் சில செல்களில் மட்டும் இரண்டாவது பிரதியும் தற்செயலாகக் கெட்டுவிட்டால், அந்தத் துண்டில் மூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு) தாறுமாறாக அடுக்கப்பட்டு வலிப்பின் ஊற்றாகிறது. இந்த இரண்டாவது கேடு ரத்தப் பரிசோதனையில் தெரியாது. அறுவையில் எடுத்த மூளைத் திசுவில்தான் கண்டிருக்கிறார்கள். எல்லாக் குடும்பங்களிலும் இதுதான் நடக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரே திரிபு இருந்தும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதற்கு இது ஒரு நல்ல விளக்கம்.

மூன்றாம்சாமம்:
நிகோடின் ஏற்பி பற்றி நீங்கள் படித்ததும் சரிதான், அது வேறு குடும்பங்களின் கதை. 1995-இல் ஓர் ஆஸ்திரேலியக் குடும்பத்தில் சி.எச்.ஆர்.என்.ஏ-4 மரபணுத் திரிபு கண்டுபிடிக்கப்பட்டது. இந்த வலிப்புக்கு முதலில் கிடைத்த மரபணு அதுதான். பிறகு சி.எச்.ஆர்.என்.பி-2, சி.எச்.ஆர்.என்.ஏ-2 வந்தன. அங்கே திரிபுகள் பெரும்பாலும் ஏற்பியில் அயனிகள் (மின்னேற்றத் துகள்கள்) போகும் துளையை ஒட்டிய பகுதியில் விழுகின்றன, ஏற்பி அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் சைகைப் பொருளுக்கு அளவுக்கு மீறி மசிகிறது. கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து அந்தத் துளையையே அடைப்பதால் பல குடும்பங்களில் குறைந்த அளவிலேயே நன்றாகக் கேட்கிறது.

2012-இல் வந்த கே.சி.என்.டி-1 மரபணு முற்றிலும் வேறு. நரம்புச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாசல் தேவைக்கு மேல் திறந்து கிடக்கும். சீக்கிரமே ஆரம்பிக்கும், அறிவு வளர்ச்சியும் மனநலமும் பாதிக்கப்படலாம், மருந்துக்கு அடங்காது. குயினிடின் என்ற இதயத் துடிப்பு மருந்தின் மேல் பெரிய நம்பிக்கை வைத்தார்கள். 2018-இல் வெளியான சிறிய ஆய்வில் பலன் தெரியவில்லை, ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி (இதயத் துடிப்பின் ஒரு மின் கட்ட நேரம்) நீண்டதுதான் மிச்சம்.

ரிப்போர்ட் படிக்கும்போது மரபணுப் பெயரோடு திரிபின் வகையையும் பாருங்கள். டி.இ.பி.டி.சி-5 என்றால் புரதம் கெடுவதுதான் நோய். அதனால் பாதியில் நின்றுபோகும் திரிபு வலுவான சான்று. கே.சி.என்.டி-1-இல் அதே வகைத் திரிபு வந்தால் உடனே நம்பக் கூடாது, ஏனென்றால் அங்கே நோய் வருவது அந்த வாசல் அதிகமாக வேலை செய்வதால். தாய்மாமாவுக்கும் அதே திரிபு இருக்கிறதா என்று பார்த்தால் சான்று இன்னும் இறுகும்.

அலைவரிசை:
மேலே சொல்லாமல் விட்டது எம்.ஆர்.ஐ. 1.5 டெஸ்லாவில் நார்மல் என்பதோடு நிறுத்தாதீர்கள். 3 டெஸ்லாவில், 1 மி.மீ. தடிமனில், ஃபிளேர் என்ற படவகையோடு எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் பார்க்கும் மருத்துவருக்கு எழுதும் சீட்டில் "டி.இ.பி.டி.சி-5, மூளையின் முன்மடல், புறணிக் குறைபாடு தேடவும்" என்று இருக்கட்டும். தேட வேண்டியது எது என்று தெரிந்தால்தான் மங்கலான சிறு துண்டு கண்ணில் படும். மருந்துக்குக் கேட்காமல் போனால் அறுவைக்குப் போகும் வழி அதில்தான் இருக்கிறது.

பகல் இ.இ.ஜி. நார்மலாக வந்ததில் ஆச்சரியம் ஏதுமில்லை. முன்மடலின் உள்மடிப்பில் கிளம்பும் அலை மண்டையோட்டின் மேல் தெரியாமலே போகலாம், உதைக்கும்போது தசை அதிர்வு மிச்சத்தையும் மறைத்துவிடும். வலிப்பு நடக்கும்போதே கூடத் தெளிவில்லாமல் இருக்கும். முழு இரவு வீடியோ இ.இ.ஜி. கேளுங்கள். அதற்கு முன் வீட்டில் இரவுக் கேமராவை ஓடவிடுங்கள். செல்போனை எடுத்து ஓடுவதற்குள் ஆரம்பம் முடிந்துவிடும், வால்தான் பதிவாகும். போர்வையை விலக்கி, உடம்பு முழுதும் தெரியும்படி வையுங்கள். இதோடு குழப்பிக்கொள்ளும் இரவுப் பயம் (தூக்கத்தில் அலறி எழுவது) பெரும்பாலும் இரவின் முதல் பகுதியில், ஓரிரு முறை, சில நிமிடங்கள் நீடிக்கும். வலிப்பு ஒவ்வொரு தடவையும் அச்சடித்தது போல் ஒரே அசைவில், இரண்டு நிமிடத்துக்குள் முடியும்.

கரிசல்காற்று:
நன்றி. கார்பமசெபின்தான் யோசிக்கிறார்கள். தங்கை விஷயம்?

நியூரான்:
ஆசிய வம்சாவளி என்றால் முதல் மாத்திரைக்கு முன்பே எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகைக்கான டெஸ்ட் கேளுங்கள். அது இருந்தால் தோல் உரியும் ஆபத்தான ஒவ்வாமை வரலாம். மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

தங்கைக்குத் திரிபு இருக்க 50 சதவீத வாய்ப்பு. வலிப்பு வர, பாதியில் மூன்றில் இரண்டு, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. டெஸ்ட் எடுப்பதென்றால் முழு பேனல் வேண்டாம், இந்த ஒரு திரிபை மட்டும் பார்க்க ரத்தம் உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் 2, 3 மி.லி. ரத்தம் போதும். திரிபு இருந்தாலும், வலிப்பு வராத குழந்தைக்கு முன்கூட்டியே மருந்து கொடுப்பதில்லை. திரிபு இல்லையென்றால் அவளும் அவள் பிள்ளைகளும் இந்தக் கணக்கிலேயே இல்லை. அவசரமில்லை, மரபியல் ஆலோசகரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். இரவில் அசைவு ஏதாவது தென்பட்டால் மட்டும் உடனே பாருங்கள்.