ஃபேன் கண்டென்சர் மாற்ற 650 ரூபாயா?

கேள்வி (தாம்பரம்): ஹால் ஃபேன் மெதுவாகச் சுற்றியது. எலக்ட்ரீஷியன் வந்து பத்தே நிமிடத்தில் கண்டென்சரை மாற்றிவிட்டு 650 கேட்டார். அந்த 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் கடையில் நூறு ரூபாய்கூட வராது. கொடுத்துவிட்டேன், மனசுதான் ஆறவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில் 1: நான் 22 வருடமாக வயரிங் வேலை செய்கிறவன். பத்து நிமிட வேலைதான், சரி. வந்து போகிற ஒரு மணி நேரம், பெட்ரோல், அதனால் விட்டுப்போன இன்னொரு வேலை? அதற்குத்தான் விசிட்டிங் சார்ஜ். நான் 300 வாங்குவேன், பொருள் தனி. ஆனால் போனிலேயே சொல்லிவிடுவேன். அவர் சொல்லாதது தப்பு.

பதில் 2: சின்ன வேலைகளைச் சேர்த்துவைத்துக் கூப்பிடுங்கள் அண்ணா. போன மாதம் ஒரே சார்ஜில் ரெகுலேட்டர், இரண்டு சுவிட்ச், காலிங் பெல் எல்லாம் முடித்தேன்.

கேட்டவர்: அடடா, கீசர் பிளக் வேறு கருகிக் கிடக்கிறது. அன்றே காட்டியிருக்கலாம்.

பதில் 1: கீசரை முதலில் நிறுத்துங்கள் சார்! அதற்கு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும்.