ரீசேல் சைட்ல வாங்கின டிக்கெட் வரல, காசும் தரமாட்டேங்கறான். எங்க புகார் குடுக்கறது?

பாகூர்ப்பொண்ணு:
அவசரம். சென்னை கான்சர்ட்டுக்கு ரீசேல் சைட்ல 3 டிக்கெட், 13,500 ரூபா. கன்ஃபர்ம்னு மெயில் வந்துச்சு, டிக்கெட் கடைசி வரைக்கும் வரல. கேட்டா "எங்க சைட் அக்கவுண்ட்ல கிரெடிட் போட்டுட்டோம், அடுத்த ஷோவுக்கு வச்சுக்கங்க"ங்கறான். எனக்குக் காசுதான் வேணும்.

முந்திரிக்காடு:
உடனே 1930-க்கு அடிங்க. சைபர் கிரைம். லேட் பண்ணாதீங்க.

மஞ்சக்குப்பம்மணி:
எப்படிக் கட்டுனீங்க, கார்டா யூபிஐயா? கம்பெனி பேர்லயா, யாரோ ஒருத்தர் நம்பருக்கா? ஷோ என்னைக்கு? அந்த கிரெடிட்டைத் தொட்டீங்களா?

கெடிலம்77:
இதே கேள்வி இங்க பல தடவை வந்தாச்சு, தேடிப் பாத்துட்டுக் கேக்கலாம். 1930 மோசடிக்கு. ஆர்டர் நம்பர் குடுத்து பதிலும் சொல்ற கம்பெனி மேல போறது சேவைக் குறைபாடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. அடிப்படையே தெரியாம யோசனை சொல்லாதீங்க.

முந்திரிக்காடு:
தனி ஆள் நம்பருக்கு அனுப்பியிருந்தா 1930தான் சரி. அவங்க இன்னும் அதைச் சொல்லவே இல்லயே சார்.

பாகூர்ப்பொண்ணு:
கிரெடிட் கார்டு. கம்பெனி பேர்லதான் போயிருக்கு. ஷோ போன சனிக்கிழமை. கிரெடிட்டைத் தொடல.

மஞ்சக்குப்பம்மணி:
நல்லதாப் போச்சு, தொடாதீங்க. ஒரு ரூபா எடுத்தாலும் "கஸ்டமர் ஏத்துக்கிட்டார்"னு பேங்க்குக்கு எழுதிடுவான். இன்னைக்கே மெயில் போடுங்க: "கிரெடிட்டை ஏற்கவில்லை, கட்டிய கார்டுக்கே முழுத் தொகையும் வேண்டும்." சாட்ல கேட்டதெல்லாம் பின்னாடி காணாமப் போயிடும்.

அடுத்தது பேங்க்ல டிஸ்ப்யூட், அதாவது கார்டுல போன காசைத் திருப்பிக் கேட்டு ஆட்சேபணை. காரணம் கேக்கற இடத்துல "சேவை கிடைக்கவில்லை"னு எடுங்க. நிறைய பேர் "நான் செய்யாத பரிவர்த்தனை"ய எடுத்துடறாங்க. ஓடிபி நீங்களே போட்டதால அது அங்கயே தள்ளுபடி ஆகும், கார்டையும் பிளாக் பண்ணிடுவாங்க. விசா, மாஸ்டர்கார்டுல சேவை கிடைச்சிருக்க வேண்டிய தேதியில இருந்து பொதுவா 120 நாள் டைம். கன்ஃபர்மேஷன் மெயில், டிக்கெட் எப்ப அனுப்புவோம்னு அவன் சொன்ன வரி, ஷோ தேதி, நீங்க பணம் கேட்ட மெயில், அவன் பதில் எல்லாம் சேத்து அனுப்புங்க. கார்டு பில்லைக் கட்டாம விடாதீங்க, வட்டி ஏறும். பேங்க் 30 நாள்ல பதில் தரலன்னாலோ மறுத்தாலோ ஆர்பிஐ ஒம்புட்ஸ்மேன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கறவர்) போகலாம்.

வில்லியனூரான்:
பிளாக்ல வாங்கின டிக்கெட்டுக்கு கேஸ் நிக்குமா? கம்பெனியும் "நாங்க வெறும் இடைத்தரகர், வித்தது வேற ஆள்"னு கையை விரிப்பான்.

கெடிலம்77:
சொந்த உபயோகத்துக்குக் காசு குடுத்து வாங்கினவர் நுகர்வோர்தான். மறுபடி விக்க வாங்கியிருந்தாத்தான் அடிபடும். 2020 இ-காமர்ஸ் விதிப்படி, எழுதிக் கேட்டா வித்தவர் விவரத்தை சைட் தந்தே ஆகணும். குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். வெளிநாட்டு சைட்டா இருந்தாலும், இந்தியாவுல தொடர்ந்து வித்தா இது பொருந்தும். நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டா சைட், வித்தவர் ரெண்டு பேரையும் எதிர்தரப்பா சேருங்க. 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்ல, 2 வருஷத்துக்குள்ள போடணும்.

முந்திரிக்காடு:
பாகூர்னா கடலூர் பக்கம்தானே, கடலூர் நுகர்வோர் ஆணையத்துலயே போட்டுடலாம்.

வில்லியனூரான்:
பாகூர் புதுச்சேரி யூனியன் பிரதேசம் பா. பஸ்ல பக்கம்ங்கறதுக்காக கடலூர்ல போட்டா திருப்பி விட்டுடுவாங்க.

கெடிலம்77:
நுகர்வோர் சட்டத்துல 34-வது பிரிவைப் படிங்க. குடியிருக்கற இடம், வேலை பாக்கற இடம் ரெண்டுலயும் போடலாம். கம்பெனி ஆபீஸ் இருக்கற ஊருக்கு ஓட வேண்டியதில்ல.

வில்லியனூரான்:
வேலை எங்கன்னு அவங்க சொல்லலயே, அதுக்குள்ள எதுக்கு கடலூர்? புதுச்சேரியில போட்டா யாரும் கேள்வி கேக்க முடியாது.

மஞ்சக்குப்பம்மணி:
ஆணையம் அப்புறம். முதல்ல 1915-ல (தேசிய நுகர்வோர் உதவி எண்) பதியட்டும், நிறைய கம்பெனி அங்கயே இறங்கி வந்துடும். இன்னொண்ணு: "ரீஃபண்ட்"னு சொல்லி க்யூஆர் அனுப்பினா ஸ்கேன் பண்ணாதீங்க. காசு வாங்க யூபிஐ பின் போடவே தேவையில்ல.

பாகூர்ப்பொண்ணு:
டிஸ்ப்யூட் போட்டுட்டேன், நம்பர் வந்துடுச்சு. 1915-லயும் பதிஞ்சாச்சு. வேலை கடலூர் சிப்காட்ல. நன்றி.

கெடிலம்77:
அப்ப ரெண்டு ஊர்லயும் போடலாம். கடலூர்ல போடறதா இருந்தா, அங்க வேலை பாக்கறதுக்கான கம்பெனி லெட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க.